யார் வீட்டு வெண்ணெய்?

"பேரெல்லாம் எதுக்கு?" என்றார் மாஸி ஹெகார்ட்டி.

வருகைப் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி வைத்த மியூசியப் பொறுப்பாளர் அசும்ப்டாவின் கை அப்படியே நின்றது. "மியூசியத்துக்கு வர்றவங்க பேர் எழுதணும். எத்தனை பேர் வந்தாங்கன்னு எங்களுக்குத் தெரிய வேணாமா?"

"எண்ணிக்கோங்க. ஒருத்தன். நான்தான் அது."

"பேரும் ஊரும் வேணும்."

மாஸி பேனாவை வாங்கிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். வெண்ணெய் அருங்காட்சியகத்தில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வேறு ஈ காக்கை இல்லை. வாசலோரம் காவலாளி பேட்சி மட்டும் சாவிக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்திருந்தால் பரவாயில்லை, மாஸியையே பார்த்துக்கொண்டிருந்தார். பேட்சியின் மச்சான் ஒரு காலத்தில் மாஸியின் பக்கத்துப் பண்ணைக்காரர் க்ரெமினிடம் டிராக்டர் ஓட்டியவன் என்பது மாஸிக்கு உடனே நினைவுக்கு வந்தது. இந்த மாதிரி விஷயமெல்லாம் மாஸிக்கு மறக்கவே மறக்காது.

கையால் மறைத்துக்கொண்டு 'டிம் ஹார்னெட், மேலோ' என்று எழுதினார்.

"மேலோவா? ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்கீங்க" என்றார் அசும்ப்டா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"வெண்ணெய்னா எனக்கு உயிர்."

சந்தேகம் என்பது சிலருக்கு வந்து போகும். மாஸிக்கு அது கூடவே பிறந்தது. பாதிரியார் கை குலுக்கினால் விரல் ஐந்தும் இருக்கிறதா என்று பார்க்கிற ஆள். ஆனால் இந்தத் தடவை காரணம் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன், பாவம்.

மாஸிக்கு நாற்பது பசுக்கள். பால் எடுக்க வருகிற லாரி அவர் பண்ணைக்குள் நுழைய ஒரே வழி, பக்கத்து டான் ஜோ க்ரெமினின் பாதை. அதற்கு எழுத்தும் கிடையாது, முத்திரையும் கிடையாது. மூன்று தலைமுறையாக வாய்ப்பேச்சில் ஓடிக்கொண்டிருந்தது. டான் ஜோவுக்கு ஒரு நாள் பல்வலி வந்து கேட்டைப் பூட்டிவிட்டால் நாற்பது பசுவின் பாலையும் சாக்கடையில்தான் ஊற்ற வேண்டும். இந்த லட்சணத்தில் பால் கம்பெனிக்காரர்கள் வேறு, மாதக் கடைசிக்குள் பாதைக்குப் பத்திரம் காட்டாவிட்டால் லாரி வராது என்று கடிதம் போட்டுவிட்டார்கள்.

ஐந்து நாளைக்கு முன்னால் டான் ஜோ தானாகவே மாஸி வீட்டு வாசலில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "பாதையை எழுதிக் குடுத்துடறேன் மாஸி. காசு வேணாம். அடுத்த திங்கக்கிழமை காலைல வக்கீல் ஆபீசுக்கு வந்துடு. நடுவுல ஒண்ணும் வராம இருந்தா சரி."

மாஸியின் மனைவி நோனி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போட்டாள். மாஸி அன்றிலிருந்து தூங்கவில்லை.

"காசு வேணாமாம்! முட்டை கடன் வாங்கினா கோழியையே திருப்பிக் கேக்கற பரம்பரை அது. சும்மா குடுக்கறான்னா சும்மாவா குடுப்பான்? அது என்ன, 'நடுவுல ஒண்ணும் வராம இருந்தா'? என்ன வரப்போகுது நடுவுல?"

"உனக்குப் பைத்தியம் வரப்போகுது" என்றாள் நோனி.

வியாழக்கிழமை முடிதிருத்தும் கடையில் விஷயம் வெளியே வந்தது. டான் ஜோ மண்ணிலிருந்து ஒரு பெரிய வெண்ணெய்க் கட்டியை எடுத்து மியூசியத்துக்குக் கொடுத்திருக்கிறாராம். பாதி முகம் சோப்பு நுரையோடு மாஸி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். மண்ணுக்குள் வெண்ணெய் என்றால் நம் பக்கத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும், அது சதுப்பில் கிடைத்தது. பழைய காலத்து ஆட்கள் சதுப்பில் வெண்ணெயைப் புதைத்து வைத்தார்கள், அது இன்னும் கெடாமல் கிடைத்துக்கொண்டிருக்கிறது. இவர்கள் இருவருக்கும் பொதுவாக இருக்கிற சதுப்பில் பாதி மாஸியுடையது. எல்லை என்று அங்கே இருப்பது ஒரு ஓடை. அதுவும் வருஷத்துக்கு ஒரு பக்கமாக நகர்கிற ஓடை.

மாஸியின் மூளையில் எல்லாம் பளிச்சென்று சேர்ந்துகொண்டது. பத்திரம் என்றால் அதோடு ஒரு வரைபடம் வரும். வரைபடத்தில் எல்லை போடுவார்கள். மாஸியும் பல்லைக் காட்டிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். அப்புறம் சதுப்பு டான் ஜோவுக்கு, வெண்ணெய் டான் ஜோவுக்கு, இன்னும் உள்ளே என்னென்ன இருக்கிறதோ அதெல்லாமும் டான் ஜோவுக்கு.

"திங்கக்கிழமை வரைக்கும் அந்த மியூசியம் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே" என்று நோனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். கிடாரி ஒன்று பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுத்தான் மாஸி கிளம்பி வந்திருந்தார்.

பதிவேட்டை மூடிவிட்டு அசும்ப்டா தன் வேலைக்குத் திரும்பினார். வந்தவர்களுக்குக் காட்டுவதற்காக உயரமான மரத் தாழியில் மத்தை மேலும் கீழும் இடித்துக் கடைந்துகொண்டிருந்தார். மாஸி நைசாக அந்தப் பக்கம் தாண்டப் பார்த்தார்.

"கை வைக்காம போறீங்களா?"

மாஸி நின்றார். கடைகிற இடத்துக்குள் வந்துவிட்டு மத்தில் கை வைக்காமல் போகிறவன் அந்த வீட்டு வெண்ணெயின் அதிர்ஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு போகிறான் என்பார்கள் நம் பக்கத்தில். இதை யாரும் நம்புவதில்லை. யாரும் கை வைக்காமல் போவதும் இல்லை.

"கடவுள் இந்த வேலையை ஆசீர்வதிக்கட்டும்" என்று முணுமுணுத்துவிட்டு மாஸி பத்து இடி இடித்தார். மூடி இடுக்கு வழியாகப் பாலாடை தெறித்து அவருடைய நல்ல கோட்டின் மேல் விழுந்தது. வேண்டுமென்றே மூடியைத் தளர்த்தி வைத்திருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

"மேலோக்காரரே, நாலு மணி ஆயிடுச்சு. அஞ்சுக்கு மூடிடுவோம்" என்றார் பேட்சி.

"ஒரு மணி நேரம் இருக்கே."

"இருக்கு. ஆனா பார்க்க ஒண்ணும் இல்ல. மழை வேற வரும் போலிருக்கு. கிளம்பினா நனையாம வீடு போய்ச் சேரலாம்."

இவன் ஏன் என்னை விரட்டுகிறான்? மாஸி இன்னும் மெதுவாக நடந்தார்.

சுவரோரம் வெண்ணெய் அடைத்து ஏற்றுமதி செய்த மரப் பீப்பாய்கள். பசு உருவம் செதுக்கிய அச்சுகள். பீப்பாயின் அடிவரை குத்திப் பார்க்கிற நீளமான இரும்புத் துளைக்கருவி. எந்தப் பரிசோதகர் எந்தப் பீப்பாயை முகர்ந்து பார்ப்பது என்பதை அன்றன்றைக்குக் காலையில் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்தார்கள், யாரும் யாருக்கும் கைக்கூலி கொடுத்துவிடக் கூடாதல்லவா என்று பக்கத்தில் எழுதியிருந்தது. மாஸிக்கு உடம்பு சிலிர்த்தது. யாரையுமே நம்பாத மனிதர்கள்! அந்தக் காலத்திலேயே எவ்வளவு நாகரிகம்!

கடைசியில் அது இருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள், ஒரு தலையணை அளவுக்கு, மஞ்சளும் சாம்பலுமாக. கீழே ஒரு அட்டை.

'வெண்ணெய். மண்ணுக்கடியில் கிடைத்தது. தந்தவர்: டான் ஜோ க்ரெமின். வயது தெரியவில்லை. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் அலுவலகத்தில் சொல்லவும்.'

மாஸி மூன்று முறை படித்தார். எங்கே கிடைத்தது என்று எழுதவில்லை! எமகாதகன், அதை மட்டும் விட்டுவிட்டான்.

அப்போது பாக்கெட்டில் போன் அடித்தது. நோனி.

"கிடாரியைப் பார்த்தாச்சா?"

"பார்த்துக்கிட்டே இருக்கேன்."

"எப்படி இருக்கு?"

கண்ணாடியில் மூக்கு அழுந்த மாஸி உள்ளே பார்த்தார். "மஞ்சளா இருக்கு."

"கிடாரியா?"

"கொஞ்சம் பழசு."

"மாஸி, நீ எங்கே இருக்கே?"

"சிக்னல் இல்ல நோனி" என்று போனை அணைத்துவிட்டு நேராகத் தாழியிடம் போனார்.

"அம்மா, அந்த வெண்ணெய் எங்க கிடைச்சுது?"

"அதைச் சொல்லக் கூடாது, மிஸ்டர் ஹார்னெட்."

"ஏனாம்?"

"குடுத்தவர் சொல்ல வேணாம்னாரு."

பார்த்தாயா! மாஸிக்குக் காது மடல் சூடேறியது. ஆனாலும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டார். "சும்மாத்தான் கேட்டேன். சதுப்புல கிடைச்சதுன்னா ஆயிரம் வருஷத்துப் பழசாகூட இருக்கும், இல்ல?"

"இருக்கலாம். அப்படி இருந்தா டப்ளின்லேர்ந்து ஆள் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. அவ்வளவு பழசுன்னா அது அரசாங்கத்துச் சொத்து. கிடைச்ச இடத்தைச் சுத்தி வேலி போட்டுட்டாலும் போட்டுடுவாங்க. அப்புறம் மாடு மேய்க்கவும் முடியாது, அடுப்பெரிக்கச் சதுப்புக் கரி வெட்டவும் முடியாது."

"ஆயிரமெல்லாம் இல்லவே இல்ல!" என்று மாஸி கத்திவிட்டார்.

வாசலில் பேட்சி எழுந்து நின்றார். "மேலோக்காரரே, மழை விட்டிருக்கு. இப்பவே கிளம்புங்க."

"மழையே வரலையே! நீ சும்மா இரு" என்றார் மாஸி.

"ஆயிரம் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று அசும்ப்டா கேட்டார். குரல் மெதுவாக இருந்தது. கை மட்டும் கடைந்துகொண்டிருந்தது.

மாஸிக்கு இரண்டு பக்கமும் இடி. பழசு என்றால் அரசாங்கம் வந்து சதுப்பில் வேலி போடும். புதுசு என்றால் டான் ஜோ கொண்டுபோவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி வேண்டும். வழி கிடைத்தது. எவ்வளவு அழகான வழி! வெண்ணெய் ஹெகார்ட்டி வீட்டுடையது என்று நிரூபித்தால், அது கிடைத்த இடமும் ஹெகார்ட்டி வீட்டுடையதுதானே? தன் வெண்ணெயை எவனாவது அடுத்தவன் நிலத்திலா புதைப்பான்?

"ஏன்னா, அது எங்க அத்தை வெச்சது" என்றார்.

மத்து நின்றது. கடைவதைப் பாதியில் நிறுத்தக் கூடாது என்று அசும்ப்டாவுக்குத் தெரியாதா என்ன? ஆனாலும் நிறுத்திவிட்டார்.

"மேலோலேர்ந்து நடந்து வந்தா வெச்சாங்க உங்க அத்தை?"

"நான் மேலோ இல்ல. நான் மாஸி ஹெகார்ட்டி."

"அப்போ டிம் ஹார்னெட் யாரு?"

"எனக்குத் தெரிஞ்ச ஆளு. செத்துப் போயிட்டான். அவன் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டான்."

அசும்ப்டா கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். வெண்ணெயைக் கவனமாகப் புரட்டினார். அடியில் ஒரு துணி ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் மங்கிய சிவப்பில் எழுத்துகள் தெரிந்தன. ஓரத்தில் நீல நூல் தையல்.

"மாவு மூட்டைத் துணி. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி மில் பேர் அச்சடிச்ச மூட்டை கிடையாது. ஐம்பது அறுபது வருஷம் இருக்கும்னுதான் நாங்களும் நினைச்சோம்."

பொய் சொன்னவனுக்குச் சாட்சி தானாக வந்து பக்கத்தில் நின்றால் எப்படி இருக்கும்? அடுத்த நிமிஷம் அவருக்கு இறக்கை முளைத்துவிட்டது.

"அதேதான்! ஹன்னா அத்தை எல்லாத்தையும் நீல நூல்லதான் தைப்பா. எங்க வீட்டுத் தலையணை உறையை வேணா வந்து பாருங்க."

நீல நூல் மட்டும் பொய் இல்லை. அத்தை நிஜமாகவே அப்படித்தான் தைப்பாள். அதை நினைத்தபோது மாஸிக்கு முதுகில் என்னவோ ஊர்ந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டு மேலே போனார்.

"எப்போ புதைச்சாங்க?"

"எனக்கு ஏழு வயசு. நான்தான் கூடப் போய் லாந்தர் பிடிச்சேன்."

"நீங்களேவா?"

"இந்தக் கையாலதான்."

"எதுக்குப் புதைச்சாங்க?"

"குளிர்ச்சிக்கு. அப்போ ஐஸ்பெட்டி ஏது?"

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"மறந்துட்டா. அத்தைக்கு ரொம்ப ஞாபக மறதி."

ஹன்னா அத்தை சாகும்போது கூட, தன் சல்லடையை இரவல் வாங்கிப் போய்த் திருப்பித் தராதவர்கள் யார் யார் என்று வருஷத்தோடு சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினாள். அதெல்லாம் இப்போது எதற்கு?

"இதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்றார் அசும்ப்டா.

"தாராளமா!"

பேட்சி சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். எடுத்தார். மறுபடி போட்டார். "மாஸி, மணி நாலே முக்கால். எழுதறதெல்லாம் செவ்வாய்க்கிழமை வந்து எழுதலாம். நல்ல பிள்ளையா வீட்டுக்குப் போ."

"செவ்வாய்க்கிழமையா? திங்கக்கிழமை எல்லாம் முடிஞ்சப்புறமா? அவ்வளவு கெட்டிக்காரனா நீ?" மாஸி சிரித்தார். "டான் ஜோ உனக்கு என்ன வாங்கிக் குடுத்தான் பேட்சி?"

பேட்சி பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

மாஸி நாக்கை மடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி எழுதினார். இந்த வெண்ணெய் எங்கள் வீட்டில் கடைந்தது, இதை என் அத்தை ஹன்னா ஹெகார்ட்டி தன் கையால் புதைத்தாள், நான் கூட இருந்தேன், லாந்தர் பிடித்தேன், இது சத்தியம். கீழே கையெழுத்து, இந்தத் தடவை சொந்தக் கையெழுத்து. ஒரு வரி மிச்சம் இருந்ததால், 'எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் இது தெரியும்' என்றும் சேர்த்துக்கொண்டார்.

அசும்ப்டா அதை இரண்டு முறை படித்தார். மடித்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

"இப்பவாவது சொல்லுங்க" என்றார் மாஸி, கையைத் தேய்த்துக்கொண்டு. "ஓடைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"எந்த ஓடை?"

"சதுப்புல இருக்கே, அந்த ஓடை."

"சதுப்புல கிடைச்சதுன்னு யார் சொன்னாங்க?" என்றார் அசும்ப்டா. "டான் ஜோ போன மாசம் பழைய மாட்டுத் தொழுவத்தை இடிச்சாரு. தொழுவத்து வாசப்படிக்கு அடியில கிடைச்சது இது."

மாஸி கை தேய்ப்பதை நிறுத்தினார்.

வெளியூர்க்காரனுக்கு இது புரியாது. நம் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாம். தன் வெண்ணெயைக் கொண்டுபோய் அடுத்தவன் தொழுவத்து வாசற்படிக்கு அடியில் ஒருத்தி புதைக்கிறாள் என்றால், அதற்குக் காரணம் குளிர்ச்சி இல்லை. அந்த வீட்டுப் பாலின் அதிர்ஷ்டம் முழுவதும் தன் வீட்டுக்கு வரட்டும் என்று வைக்கிற சூனியம் அது. டான் ஜோவின் அப்பா காலத்தில், ஒரு வருஷம் முழுக்க க்ரெமின் வீட்டில் எவ்வளவு கடைந்தாலும் வெண்ணெய் திரளவில்லை. ஆறு பசுக்களை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். இதைச் செய்தது ஹெகார்ட்டி வீட்டார்தான் என்று சொல்லிச் சொல்லியே அந்த மனிதர் செத்தார். மாஸியின் அப்பாவும், அபாண்டம், அபாண்டம் என்று சொல்லிச் சொல்லியே செத்தார்.

"அம்மா, அந்தக் காகிதத்தைக் குடுங்க. ஒரு எழுத்துப்பிழை இருக்கு."

"அப்படியே இருக்கட்டும்."

"நான் லாந்தர் பிடிக்கல. எனக்கு லாந்தர்னா பயம்."

"சத்தியம்னு எழுதியிருக்கீங்களே."

"எனக்கு அத்தையே கிடையாது!"

"தலையணை உறையைக் காட்டறேன்னீங்க."

மாஸி பதிவேட்டைத் தாவிப் பிடித்து அந்த வரியைக் காட்டினார். "இதோ பாருங்க! நான் டிம் ஹார்னெட். மேலோ. யாரோ மாஸி ஹெகார்ட்டின்னு ஒருத்தன் எழுதினதுக்கு நான் எப்படிப் பொறுப்பு?"

"மாஸி, உங்க நோனியும் நானும் ஞாயித்துக்கிழமை தோறும் கோவில்ல பக்கத்துல பக்கத்துல நின்னு பாடறோம். நீங்க கதவைத் திறக்கும்போதே உங்களைத் தெரியும்" என்ற அசும்ப்டா, மேஜை மேலிருந்த போனை எடுத்து எண்களை அழுத்தினார். "டான் ஜோவா? நான்தான். ஆமா, ஆள் வந்தாச்சு. இல்ல, நானா ஒண்ணும் கேக்கல. தானா வந்து, தானா சொல்லி, தானா எழுதியும் குடுத்துட்டாரு. ஆமா. எனக்கும் வருத்தம்தான்."

போனை வைத்துவிட்டு அவர் திரும்பவும் தாழியிடம் போனார். நாலு இடி இடித்தார். உள்ளே வெண்ணெய் கட்டி கட்டியாகப் புரளும் சத்தம் கேட்டது.

சுவர்க் கடிகாரம் ஐந்து அடித்தது. பேட்சி எழுந்து வந்து மாஸியின் தோளைப் பிடித்து வாசல்வரை மெல்ல நடத்திக்கொண்டு போனார். அப்போதும் மாஸிக்குப் பழக்கதோஷம் விடவில்லை.

"நீ ஏன் பேட்சி வந்ததுலேர்ந்து என்னை விரட்டிக்கிட்டே இருந்தே?"

பேட்சி கதவை இழுத்துப் பூட்டினார்.

"'சனிக்கிழமை அஞ்சு மணி வரைக்கும் இது எங்களுதுன்னு யாரும் வந்து நிக்கலேன்னா, எங்கப்பா ஹெகார்ட்டி குடும்பத்து மேல வெச்ச சந்தேகம் தப்பு, அந்தப் பாவத்துக்குப் பரிகாரமா பாதையைச் சும்மாவே எழுதிக் குடுத்துடறேன்'னு டான் ஜோ சொல்லிட்டுப் போயிருந்தான், மனுஷா."